ஒன்பதாம் வகுப்பில் நிறுத்திவைத்த லிஃப்டர்

போன மாதம் அனுஷா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அதே பள்ளிக்கு பி.டி. டீச்சராக வந்த பெண். சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவாள். கோ-கோ மைதானத்துக்கு நீளம் எவ்வளவு, மழை பெய்து நின்ற ஆட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்கிற மாதிரிச் சந்தேகங்கள். இந்தத் தடவை கேட்டது வேறு.

"டீச்சர், எட்டாங்கிளாஸ் பிள்ள ஒருத்தியோட அம்மா வந்தாவ. பிள்ள நூறு மீட்டர் நல்லா ஓடுதா. அவள எட்டுலயே இன்னொரு வருஷம் போடணுமாம். ஃபெயில் இல்ல, பாஸ்தான். ஆனா பன்னெண்டு முடிக்கையில அவளுக்குப் பதினேழுதான் ஆவுமாம். ஒரு வருஷம் பிந்திட்டா, பத்தொம்பது வயசுப் பிரிவுல ஸ்கூல்ல இருந்தே இன்னொரு வருஷம் ஓடலாமாம். வெள்ளிக்கிழமை லெட்டர் கொண்டாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காவ. நான் என்ன சொல்லட்டும்?"

"கணக்குச் சரிதான்" என்றேன்.

"கணக்குச் சரி டீச்சர். எனக்குத்தான் மனசு ஒப்பல. ஆனா அவியளும் சின்னதுல அப்படி ஒரு வருஷம் நின்னவியளாம். அதனாலதான் வேலையே கெடச்சுதாம். 'கிரேஸ் டீச்சர்ட்ட கேளுங்க, என் கதைய அவிய சொல்லுவாவ'ன்னு சொன்னாவ. ஜெசிந்தான்னு பேரு."

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜெசிந்தாவின் கதையில் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதியை நான் இருபத்தெட்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்தப் பாதிக் கதையைச் சாட்சியாக வைத்து இன்னொரு பிள்ளையை நிறுத்தப் பார்க்கிறார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போகும். சொன்னால் என் மானம் போகும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

நான் சாயர்புரத்துக்காரி. வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். எனக்கு மட்டும் புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி வரும். "இவளுக்கு மூளைய காலுல வச்சுட்டான் ஆண்டவன்" என்று அப்பாவே சொல்லி, ஒரு வருஷ உடற்கல்விப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். அங்கே விசில் ஊதவும், சுண்ணாம்புக் கோடு நேராகப் போடவும், அழுகிற பிள்ளையை ஆட வைக்கவும் கற்றுக்கொண்டேன். இருபத்திரண்டு வயதில் தூத்துக்குடியில், கடற்கரைப் பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

எங்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். இதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒருத்தியைத் தேய்த்துத் தேய்த்து விளையாட்டுக்காரி ஆக்குவேன். அவள் பிரமாதமாக ஆட ஆரம்பிக்கிற பதினைந்து வயதில் டி.சி.யை வாங்கிக்கொண்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள். பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவள் இன்னும் இரண்டு வருஷம் ஆடலாம், ஆனால் வேறு பள்ளிக்காக. நாம் தீனி போட்ட கோழி அடுத்த வீட்டில் முட்டை போடுகிற கதை. எனக்கு வயிறு எரியும்.

எங்கள் பலம் வாலிபால். மைதானம் முழுக்கக் குறுமணல். வலை கிழிந்தால் பிள்ளைகளின் அப்பாமார் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மீன்வலை முடிச்சுப் போட்டுத் தருவார்கள். கடைசியில் வலையில் நாங்கள் வாங்கினது பாதி, அவர்கள் முடிந்தது பாதி.

முதல் வருஷம் போட்டிக்கு வயதுப் பட்டியல் எடுக்கச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு வகுப்பில் பாதிப்பேர் மே மாதக் கடைசியிலோ ஜூன் முதல் தேதியிலோ பிறந்திருந்தார்கள். நான் புதுசு, ஒன்றும் தெரியாது. கிளார்க் அண்ணாச்சியிடம் போய், "அண்ணாச்சி, இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே மாசத்துலயா பிரசவம்?" என்று கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பிரசவம் ஆஸ்பத்திரில, டீச்சர். பிறந்தநாள் இங்கன, என் மேசைல."

எங்கள் வளாகத்திலேயே தொடக்கப்பள்ளியும் இருந்தது. இரண்டுக்கும் அவர்தான் கிளார்க். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். நாலு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய் வந்து நிற்பாள். அவளுக்கு மீன் கம்பெனிச் சோலிக்குப் போகணும், வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. போனால் போகிறது என்று ஐந்து முடிந்த மாதிரி ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொள்வார்கள்.

"உண்மைத் தேதி வேணும்னா கோயிலுக்குப் போங்க. ஞானஸ்நானப் புஸ்தகத்துல பொய் இருக்காது" என்றார் அண்ணாச்சி.

நான் வேறு சபைக்காரி. இருந்தாலும் பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டு, அந்தக் கோடை விடுமுறையில் பாதியை அந்தப் பதிவேட்டோடு கழித்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான். பிறந்த சில நாளிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவதால் அதில் தேதி தப்பாது. பள்ளித் தேதியையும் கோயில் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், என் பிள்ளைகளில் பலர் எட்டு மாதம், பத்து மாதம், ஒரு வருஷம்கூட இளையவர்கள். மற்ற ஊர்களில் வயதைக் குறைத்துப் போட்டிக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் தலைகீழ். தாளில் மூத்தவர்கள், எலும்பில் இளையவர்கள். நாங்கள் ஏன் முதல் சுற்றிலேயே அடி வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

தலைமையாசிரியை சிஸ்டர் பெர்னதெத். அவரைப் போல ஒருவரிடம் வேலை பார்த்தது என் பாக்கியமா பாவமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. குரல் உயராது. போட்டிக்கான தகுதிப் படிவத்தை நீட்டினால், ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு ஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பார். சந்தேகம் வந்தால் "அப்படியா?" என்பார். நாம் பதில் சொல்வோம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் "அப்படியா?" என்பார். முதல் அப்படியாவுக்குப் பொய் சொன்னவர்கள்கூட இரண்டாவதில் உண்மையைக் கக்கிவிடுவார்கள். அதன் பிறகுதான் பச்சை மைப் பேனாவைத் திறப்பார்.

ஒரு மண்டலப் போட்டியில் எதிரணி டீச்சர் எங்கள் பிள்ளையின் அங்க அடையாளத்தைக் காட்டச் சொன்னாள். படிவத்தில் 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று இருந்தது. பிள்ளையின் கையில் மச்சமும் இல்லை, மண்ணும் இல்லை. பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு மச்சம் தேட வெட்கப்பட்டுக்கொண்டு கிளார்க் அண்ணாச்சி எல்லாருக்கும் ஒரே முழங்கை மச்சத்தை எழுதிவைத்திருந்தார்! ஒரு கண்மைப் பென்சில் கிடைக்காதா என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். ஆடாமலே தோற்றுத் திரும்பினோம். விஷயம் கேட்ட சிஸ்டர் யாரையும் ஏசவில்லை. இரண்டு நாள் சாயங்காலம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அம்மைத் தழும்பு, நாய் கடித்த வடு, பிறவி மச்சம் என்று தானே பார்த்துப் பார்த்துத் திருத்தி எழுதினார்.

ஜெசிந்தா ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். அவள் அப்பா அந்தோணி சங்கு குளிக்கிறவர். ஒல்லியான பிள்ளை, பெரிய உள்ளங்கை. வாலிபாலில் ஒருத்தி பந்தை உயரத் தூக்கிக் கொடுப்பாள், இன்னொருத்தி எம்பி அடிப்பாள். தூக்கிக் கொடுக்கிறவள் லிஃப்டர், அடிக்கிறவள் அட்டாக்கர். கைதட்டல் முழுக்க அட்டாக்கருக்குத்தான். ஆனால் நல்ல லிஃப்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. விரல் இரண்டு தடவை பட்டால் 'டப்' என்று கேட்கும், நடுவர் விசில் ஊதிவிடுவார். ஜெசிந்தாவின் கையில் பந்து பட்டுப் போகும்போது சத்தமே வராது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

அவள் தூக்கினதை அடிக்க சுபா இருந்தாள். பலசரக்குக் கடைக்காரர் மகள், நெட்டைப் பிள்ளை. இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே தூக்குச்சட்டிச் சோறு. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது மாவட்ட அரையிறுதி வரை எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் ஒரு வருஷத்தில் இரண்டு பேரும் டி.சி. வாங்கிவிடுவார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போதுதான் கோயில் பதிவேடு ஞாபகத்துக்கு வந்தது. போய்ப் பார்த்தேன். ஜெசிந்தா பள்ளித் தேதியைவிடப் பதினோரு மாதம் இளையவள். எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றாள். அவளை ஒன்பதிலேயே இன்னொரு வருஷம் வைத்தால் என்ன குறைந்துபோகும்? தன் வயதுப் பிள்ளைகளோடுதானே இருப்பாள்? கிளார்க் மேசையில் நடந்த தப்பை நான் சரிசெய்கிறேன், அவ்வளவுதானே! உடம்பும் தேறும், எனக்கும் லிஃப்டர் இரண்டு வருஷம் கிடைப்பாள், விளையாட்டு விடுதித் தேர்வுக்கும் அனுப்பலாம். இப்போது நினைத்தால் அந்த வக்கீலைச் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது. அன்றைக்கு அவள் பேசினது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

சிஸ்டரிடம் சொன்னேன். ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"பிள்ள பாஸ் ஆயிருக்கா?"

"ஆயிருக்கா சிஸ்டர்."

"பாஸான பிள்ளைய ஃபெயில்னு எழுத என் பேனாவுல மை இல்ல, கிரேஸ் டீச்சர்."

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

அந்தக் காலத்தில் வருகைப் பதிவு இப்படி நடக்கும். பிள்ளைகள் போட்டிக்குப் போன நாளெல்லாம் வகுப்புப் பதிவேட்டில் ஆப்சென்ட் என்றுதான் விழும். பிறகு பி.டி. டீச்சர் பெயரும் தேதியும் போட்டு, 'இந்நாட்களில் பள்ளியின் சார்பாக விளையாடச் சென்றார்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஓ.டி. என்று பெயர். அது போனால்தான் ஆப்சென்ட் எல்லாம் பிரசென்ட் ஆகும். ஏப்ரலில் சிஸ்டர் வருகை நாளைக் கூட்டிப் பார்ப்பார். குறைந்தால், எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் அதே வகுப்புதான். அதில் தாட்சண்யமே கிடையாது. ஜெசிந்தா இடையில் டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்திருந்தாள். போட்டி நாட்களும் ஆப்சென்ட்டாகவே நின்றால் கட்டாயம் குறையும்.

அந்தோணியை வரச் சொல்லிப் பேசினேன். மைதானச் சுவரோரம் நின்றுகொண்டு கேட்டார். விளையாட்டு விடுதி, கோட்டா, வேலை என்று நான் அடுக்கினேன்.

"எனக்கு என்ன டீச்சர் தெரியும்? பிள்ளைக்கு நல்லதுன்னா செய்ங்க" என்றார். போகும்போது திரும்பி வந்தார். "அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் டீச்சர். நாமளா நிப்பாட்டுனோம்னு தெரிஞ்சா சோறு திங்க மாட்டா."

மற்ற பதினொரு பேரின் ஓ.டி.யையும் கொடுத்தேன். ஜெசிந்தாவுடையதை எழுதி, என் மேசை டிராயரிலேயே வைத்துக்கொண்டேன். சிஸ்டர் ஸ்கேலை நகர்த்தி வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஜெசிந்தாவுக்கு ஓ.டி. இல்ல. அப்படியா?"

"ஆமா சிஸ்டர்."

சும்மா இருந்தார். 

"அப்படியா?"

"ஆமா சிஸ்டர்."

முப்பத்தைந்து வருஷ வேலையில் அந்த இரண்டாவது அப்படியாவுக்கும் பொய் சொன்ன ஒரே தடவை அதுதான். "நீங்க தந்த தாளுக்குத்தான் என் கையெழுத்து. பிள்ளைக்குப் பதில் நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் பச்சை மையைத் திறந்தார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கேட்கத் தைரியம் வருவதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

பட்டியல் ஒட்டின அன்றைக்கு ஜெசிந்தா விளையாட்டு அறைக்கு வந்தாள். நான் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், எனக்கு அட்டெண்டன்ஸ் காணாதாம். ஒம்பதுலயே போட்டுட்டாவ."

நான் பம்பை நிறுத்தவில்லை.

"நாம மேட்சுக்குப் போன நாளெல்லாம் ஆப்சென்ட்டுன்னு கெடக்கு டீச்சர். ஓ.டி. குடுக்க மறந்துட்டியளா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தே, "ஆமா பிள்ள, மறந்துட்டேன்" என்றேன்.

கோபப்படுவாள், அழுவாள், அம்மாவைக் கூட்டி வருவாள் என்று எதிர்பார்த்தேன். குனிந்து, நான் காற்று அடித்த பந்தைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "அதுக்காக சிஸ்டர் உங்கள ஏசுனாவளா டீச்சர்?"

 அப்போதாவது எழுந்து போய் டிராயரைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க, "பி.டி. டீச்சர் மறந்ததாலதான் இந்தப் பிள்ள நின்னுபோச்சு" என்று யார் சொன்னாலும் அவள் சண்டைக்குப் போவாள் என்று கேள்விப்பட்டேன். "டீச்சருக்கு ஆயிரம் சோலி. மனுஷருக்கு மறதி வராதா?" என்பாளாம்.

ஜூனில் எனக்கு முதல் அடி விழுந்தது. சுபா டி.சி. கேட்டு அப்பாவோடு வந்து நின்றாள். "அவ இல்லாத கிளாஸ்ல இருக்க மாட்டேங்கா டீச்சர். எப்படியும் பதினொண்ணுக்கு அங்கன போகணும், இப்பவே போட்டுருதேன்" என்று சொல்லி அவள் அப்பா ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். லிஃப்டரை நிறுத்தினேன், அட்டாக்கர் போய்விட்டாள்! பந்தைத் தூக்கிக் கொடுக்க ஆள் இருந்தது, அடிக்க ஆளில்லை. இதை யோசிக்கத் தெரியாதவளுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.

ஆனாலும் அந்த வருஷம் நான் பார்த்தது என்னை அசத்தியது. ஜெசிந்தா வகுப்பிலேயே மூத்தவள் ஆகிவிட்டாள், ஒரே கோடையில் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். குட்டிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அவரவர் எம்புகிற உயரத்துக்குத் தக்கபடி பந்தைத் தூக்கினாள். ஒருத்திக்கு உயரமாக, இன்னொருத்திக்குத் தாழ்வாக, மற்றவளுக்குக் கொஞ்சம் பிந்தி என்று. நான் சொல்லிக் கொடுத்ததில்லை. வேறு வழியில்லாமல் அவளே கண்டுபிடித்தது. அப்படியே மாவட்ட இறுதிவரை வந்துவிட்டோம்.

இறுதி ஆட்டம் சாத்தான்குளம் பக்கம். வலைக்கு அந்தப்புறம் சுபா நின்றாள்.

ஜெசிந்தா எந்தப் பக்கம் தூக்கினாலும் சுபா முன்கூட்டியே அங்கே போய்க் கையை விரித்து நின்றாள். அடித்த பந்தெல்லாம் எங்கள் பக்கமே விழுந்தது. எனக்குப் புரியவில்லை. இரண்டாவது செட்டில்தான் கவனித்தேன். பின்பக்கமாகத் தூக்கப் போகும்போது ஜெசிந்தாவின் நாக்கு நுனி லேசாக வெளியே வரும். நாலு வருஷத்துக்கு மேல் பயிற்சி கொடுத்த எனக்கு அது தெரியாது. கூட உட்கார்ந்து சோறு தின்றவளுக்குத் தெரிந்திருந்தது. நேர் செட்டில் தோற்றோம்.

ஜெயித்த சுபா அழுதுகொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "ஏன் டீச்சர் அவள எங்கூட விடல?" என்று கேட்டாள். வருகை குறைந்ததைத்தான் கேட்கிறாள், என்னை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெசிந்தா தூரத்தில் வலைக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அன்றைக்குப் பேசிக்கொள்ளவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிற பயிற்சியாளர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். என்னிடம் வந்து, "தோத்த டீம் லிஃப்டர் எத்தனாவது படிக்கா?" என்றார். ஒன்பது என்றேன். "அப்ப நல்லது, இன்னும் நாள் கெடக்கு" என்று பெயரை எழுதிக்கொண்டு போனார். விடுதிக்குப் போனாள். கல்லூரியில் கோட்டாவில் இடம் கிடைத்தது. பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டிலேயே ரயில்வேயில் வேலை. அன்றைக்குப் பத்து என்று நான் சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பாரா? சுபா கூடவே இருந்திருந்தால், ஆளுக்குத் தக்க பந்தைத் தூக்க அவள் கற்றிருப்பாளா? எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நிறுத்திவைத்த பிள்ளைகளை எங்கே பார்த்தாலும் விசாரிப்பேன். சிலர் செழித்தார்கள், சிலர் தன்னைவிடச் சின்னதுகளை ஜெயித்து ஜெயித்துச் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். எது எதனால் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அனுஷா போன் செய்த மறுநாள் நானே அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஓ.டி.ய கையிலயா டீச்சர் எழுதுவிய?" என்றாள். இப்போது வருகைப் பதிவெல்லாம் செல்போனில். பிள்ளைக்கு ஒரு நம்பர், பள்ளி மாறினாலும் அது கூடவே போகிறது. டிராயரில் ஒளித்துவைக்க ஒரு தாளே கிடையாது. நல்லதுதான் என்றேன்.

"ஜெசிந்தாக்காட்ட நான் சொல்லவா டீச்சர்?"

"உப்புத் தின்னவதான் தண்ணி குடிக்கணும். நானே போறேன்" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் போனேன். ஜெசிந்தா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். "வாங்க டீச்சர், வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். காபி போடப் போனவளைப் போகவிடவில்லை. அவள் காபியைக் குடித்துவிட்டுச் சொல்ல எனக்கு வாய் வராது.

"ஜெசிந்தா, நான் மறக்கல."

"என்னத்த டீச்சர்?"

"ஒன் ஓ.டி.ய. எழுதி டிராயர்ல வச்சிருந்தேன். வேணும்னுதான் குடுக்கல. நீ இன்னொரு வருஷம் எங்கிட்ட ஆடணும்னு."

முதலில் சிரித்தாள். வயதானவள் ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

அந்தோணி இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது. தெரியாது என்று சொல்லிவிடலாம், மறுக்க ஆளில்லை. ஒரு நிமிஷம் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியும்" என்றேன்.

"அதான்..." என்றாள். "நின்னுபோன பிள்ளைய அப்பா ஒரு சொல்லு ஏசல டீச்சர். அந்த வருஷம் பூரா எனக்கு மீன்ல நடுத்துண்டா எடுத்து வச்சாவ. நமக்கு எவ்வளவு நல்ல அப்பான்னு நெனச்சு நெனச்சு அழுவேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "சுபா எங்கூடப் பேசாம போனதும் நான் படிப்புல நின்னுட்டேங்கிறதாலதான்னு நெனச்சேன். இன்னைக்கு வரைக்கும் அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது."

"ஒனக்கு வேலை கெடச்சுதே..." என்று என் வாய் சொன்னது. சொன்ன மறுகணமே வெட்கப்பட்டேன்.

"கெடச்சுது. இல்லன்னு சொல்லலியே."

அப்போது வாசலில் அவள் மகள் மெர்லின் வந்தாள். பயிற்சி முடித்த வேர்வையோடு, ஷூ லேஸை அவிழ்க்கக் குனிந்தாள். ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்தாள். ஜெசிந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் பள்ளிக்கு எழுதின கடிதம் உறையில் இருந்தது.

"ஏளா, ஒன்ன எட்டுலயே இன்னொரு வருஷம் போடலாம்னு பாக்கேன். கூட ஒரு வருஷம் ஓடலாம்லா?"

பிள்ளை நிமிரவே இல்லை. லேஸைப் பிடித்த கை மட்டும் நின்றது.

"ஏம்மா? நான் இப்ப ஓடுறது காணாதா?"

 ஜெசிந்தா எழுந்து போய் அந்தப் பிள்ளையின் வேர்த்த தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "காணும் பிள்ள. காணும். நீ ஒம்பதுக்குப் போ" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவள், அதை எந்த இடத்தில் கேட்பது என்று தெரியாமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மகளின் தலையை விடாமலே என் பக்கம் திரும்பினாள். கோபம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் குரல் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் குரலாகவே இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா டீச்சர்? நீங்க கேட்டிருந்தா நானே நின்னிருப்பேனே."